கடல் இல்லாத சாம்பல் தீவு

— அப்ப இந்த விளையாட்டிலை கப்பலை உடைக்கிறது ஆர், தர்சினி அக்கா? நீங்களோ, டைஸோ?

— ரெண்டும் இல்லை, சுபாஜினி. புத்தகம். இஞ்சை பார், முதலாம் பக்கம், முதலாவது வரி. புயல் அடிக்குது, கப்பல் பாறையிலை மோதுது, உடையுது.

— விளையாட வந்தவை இன்னும் கதிரையிலையே வடிவா இருக்கேல்லை. அதுக்குள்ளை கப்பல் முடிஞ்சுதோ?

— முடிஞ்சுது. அவை கரை ஒதுங்கினால்தானே தீவுக்குள்ளை போகலாம். கதை துவங்கவேணுமெல்லோ.

— அநியாயம். ஒருக்கால் எண்டாலும் டைஸ் உருட்ட விட்டிருக்கலாம். தப்பினாலும் தப்பியிருப்பினம்.

— உதைத்தான் கோகுலனும் கேப்பான். அவன் அச்சுவேலியிலையிருந்து வாறதே என்னோடை சண்டை பிடிக்கத்தான். நீ தேத்தண்ணியைக் குடி, ஆறுது. வடையையும் எடு. வினோஜா பருத்தித்துறையிலையிருந்து கொண்டுவந்து தந்தது, இன்னும் மொறுமொறுப்பாத்தான் கிடக்கு.

— எடுக்கிறன். நீங்கள் முதல்லையிருந்து சொல்லுங்கோ. எங்கடை எமில் ஞாயிறு ஞாயிறாக் குருநகரிலையிருந்து சைக்கிள் உழக்கி இந்தக் கோப்பாய்க்கு வந்து என்ன செய்யிறவன் எண்டு எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் விளங்கினதில்லை. அப்பா நினைச்சவர், உங்கை ஏதோ பெட்டை விசயம் எண்டு.

— ஆரோடை? வினோஜாவோடையோ?

— ஓம், அந்தப் பேர்தான் அடிபட்டது.

— ஐயோ, சுபா! அவள் ஒவ்வொரு சண்டையிலையும் உன்ரை தம்பியை முன்னுக்குத் தள்ளிவிட்டிட்டுப் பின்னாலை நிண்டு பொக்கற் அடிக்கிறவள்.

— பொக்கற் அடிக்கிறவளோ?

— கதையிலை, கதையிலை. அவளின்ரை ஆள் ஒரு கள்ளி. நில்லு, உனக்கு வடிவாச் சொல்லுறன். விளையாட வாற ஒவ்வொருத்தருக்கும் கதைக்குள்ளை ஒரு ஆள் இருக்கும். நான் மிச்சம் எல்லாம். மழை நான், கடைக்காரன் நான், குரைக்கிற நாய் நான், ராட்சதனும் நான்தான். என்ன நடக்குது எண்டு நான் சொல்லுவன், தங்கடை ஆள் என்ன செய்யும் எண்டு அவை சொல்லுவினம். அது சரிவருமோ எண்டு சந்தேகம் வந்தால்தான் டைஸ். இந்தா, கையிலை வைச்சுப் பார். இருபது முகம். கூட விழுந்தால் சரிவரும், குறைய விழுந்தால் கவிழும்.

— வெல்லுறது ஆர்?

— ஒருத்தரும் இல்லை.

— தோக்கிறது?

— அதுவும் இல்லை. கதை போகும், அவ்வளவுதான்.

— இதுக்கோ பின்னேரம் முழுக்க இருந்தவன்? அக்கா, எமிலின்ரை ஆள் ஆர்? வீரனோ?

— மலைமனுசன். சின்னப் பனை உயரம். தோளிலை கோடாலி. ஒரு அடி அடிச்சால் மதில் விழும். ஆனால் கோழிக்குப் பயம்.

— மெய்யாவோ? கோழிக்கோ?

— கோழியைக் கண்டால் கோடாலியைப் போட்டிட்டு ஓடும். அவனே வைச்ச குணம் அது. நாங்கள் பகிடிக்கு எண்டுதான் நினைச்சம்.

— பகிடியில்லை, அக்கா! நத்தார்ப் பண்டிகைக்குக் கோழி பிடிக்கச் சொன்னால் மதில் பாயிறவன் அவன். சின்னனிலை ஒரு சேவல் கொத்தினது. வீட்டிலை சொல்லக்கூடாது எண்டு எங்களுக்குச் சத்தியம் எல்லாம் வாங்கினவன். உங்கை வந்து எல்லாருக்கும் சொல்லியிருக்கிறானே!

— சொல்லேல்லையடி. தன்ரை ஆளுக்குக் குடுத்திருக்கிறான்.

— ம். அப்பிடியும் செய்யலாமோ... சரி, உது வெள்ளைக்காரன்ரை புத்தகம். உதிலை எழுதினபடியே வாசிச்சுச் சொல்லுறதோ?

— சொன்னால் இஞ்சை ஓடாது. முதல் புத்தகத்திலை நல்லாப் பட்டனான். உந்தக் கதையள் எல்லாம் தவறணையிலைதான் துவங்கும். நானும் விசரி மாதிரி, ‘நீங்கள் எல்லாரும் ஒரு தவறணையிலை இருக்கிறியள்’ எண்டு சொன்னன். வினோஜாவின்ரை முகம் சுழிஞ்சிட்டுது. ‘எங்கடை ஆக்கள் ஏன் அக்கா விடியக்காத்தாலை கள்ளுத் தவறணையிலை குந்திக்கொண்டு இருக்கினம்?’ எண்டு கேட்டாள்.

— ஞாயமான கேள்விதானே!

— ஞாயம்தான். அந்த நிமிசமே அதைத் தேத்தண்ணிக்கடை ஆக்கினன். பிறகு அந்தக் கடைக்காரர். புத்தகத்திலை அவருக்கு ஒரே ஒரு வரி. ‘நரைத்த தாடிக் கிழவர், புதையலைப் பற்றி அறிந்தவர்.’ எங்கடை ஆக்கள் அவரிட்டை என்ன கேட்டவை எண்டு நினைக்கிறாய்?

— புதையல் எங்கை எண்டு.

— இல்லை. ‘ஐயா எந்த ஊர்? ஆரின்ரை மகன்?’

— சும்மா இருங்கோ!

— உன்னாணை. நான் ஏதோ ஒரு பேரைச் சொன்னன். ‘அப்ப உங்கடை அம்மா எந்தப் பகுதி?’ எண்டான் கோகுலன். நான் பதில் சொல்லச் சொல்ல, தன்ரை ஆளை அந்தக் கிழவருக்கு மருமகன் முறையாக்கிப்போட்டான். அண்டு பின்னேரம் முழுக்க ராட்சதன் குகைக்குள்ளை பாத்துக்கொண்டு நிண்டதுதான் மிச்சம். இப்ப நான் எந்தப் புத்தகம் எடுத்தாலும் முதல் வேலை, அதிலை வாற ஒவ்வொருத்தருக்கும் ஊர், தாய் தேப்பன், எத்தினை பிள்ளையள் எண்டு எழுதி வைக்கிறது.

— அடிக்க வாறவைக்குமோ?

— அவைக்கும்தான்! இன்னொருக்கால் கல்லறை ஒண்டு. உள்ளை போய்ச் செத்த ராசாவின்ரை நகையை எடுக்கவேணும் எண்டு எழுதிக்கிடக்கு. கோகுலன் வாசல்லையே செருப்பைக் கழட்டிப்போட்டான். செத்த ஆளின்ரை சாமான் வீட்டுக்குக் கூடாதெண்டு ஒருத்தரும் தொடேல்லை. கள்ளியாய் இருந்த வினோஜாவே தொடேல்லை, பாரன்.

— எமில்?

— எமில் மெழுகுதிரி கொளுத்தினவன். மலைமனுசன் முழந்தாளிலை நிண்டு கொளுத்தினவர்.

— அவன் அப்பிடித்தான்.

— அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, சுபா. பேரை மாத்திறது பெரிய விசயமில்லை. பனியை எடுத்துப்போட்டு உப்புக்காத்து வைக்கலாம், ஓநாயை எடுத்துப்போட்டுத் தெருநாய் வைக்கலாம், காட்டைப் பனங்கூடல் ஆக்கலாம். அதெல்லாம் லேசு. மேசையிலை இருக்கிற ஆக்கள் எதுக்குக் கை வைப்பினம், எதுக்கு வைக்கமாட்டினம் எண்டு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்.

— அப்ப இந்தப் புத்தகத்திலை என்ன மாத்தினனீங்கள்?

— கடலை.

— என்ன கடலை? கொறிக்கிறதோ?

— கடல், சுபா. கடலை எடுத்துப்போட்டன்.

— முழுக்கவோ?

— முழுக்க. கேள். கதையின்ரை பேர் சாம்பல் தீவு. அங்கை ஒரு வெளிச்சவீடு, பருத்தித்துறையிலை நிக்கிற மாதிரி. ஒரு சூனியக்காரி வந்து அதின்ரை விளக்கை அணைச்சுப்போட்டாள். அண்டையிலையிருந்து வாற கப்பல் எல்லாம் பாறையிலை உடையுது. உடைஞ்ச கப்பலிலை செத்தவை கருக்கலுக்குள்ளை தண்ணியாலை எழும்பிக் கரைக்கு நடந்து வருவினம். எங்கடை ஆக்கள் அவையை அடிச்சு விழுத்திப்போட்டு, மேலை ஏறி விளக்கைக் கொளுத்தவேணும். இதுதான் கதை.

— சரி.

— நான் கடலை வெட்டைவெளி ஆக்கினன். ஒரே மணல். கப்பலை ஒட்டக வண்டியாக்கினன். தண்ணிக்குள்ளை செத்தவையை மணலுக்குள்ளை புதைஞ்சவை ஆக்கினன்.

— மணல்வெளியிலை வெளிச்சவீடு ஆருக்கு, அக்கா?

— அதுதான் பிரச்சினை!

— ஒட்டகம் பாறையிலை மோதி உடையுமோ?

— சிரிக்காதை. மூண்டு நாளா மண்டை காயுது. ஒரு கல்லை உருவினால் மற்றது எல்லாம் பொலபொலவெண்டு கொட்டுது. கடல் இல்லாட்டி விளக்கு வேண்டாம், விளக்கு இல்லாட்டிச் சூனியக்காரிக்கு வேலை இல்லை.

— அப்ப வேறை கதை ஒண்டை எடுங்கோவன். புத்தகம் வேறை இல்லையோ?

— கிடக்கு. ஆனால் இது ரெண்டாம் பாகம். முதலாம் பாகம் முடியேக்கை அவையின்ரை ஆக்கள் கப்பலிலை ஏறிப்போட்டினம். அதோடை நிண்டது. கோகுலனும் வினோஜாவும் மாசக்கணக்கா அந்தக் கப்பலிலையே நிக்கினம், பாவங்கள். அவையையும் எப்பிடியெண்டாலும் இறக்கி மணலுக்குக் கொண்டுவரவேணும்.

— ஏன் கடலை எடுக்கவேணும் எண்டு நீங்கள் இன்னும் சொல்லேல்லை.

— உனக்குத் தெரியாதோ?

— நீங்கள் சொல்லுங்கோ.

— எமிலுக்காகத்தான். உன்னை வரச்சொன்னதும் அதுக்குத்தான். உங்கடை அண்ணை கிறிஸ்ரோபரின்ரை ஆத்துமப் பூசைக்கு நாங்கள் எல்லாரும் வந்தனாங்கள், உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. அதுக்குப் பிறகு எமில் இஞ்சை வரவே இல்லை. ஃபோன் எடுத்தால் தூக்கமாட்டான். நானும் வற்புறுத்தேல்லை. போன கிழமை, ஆரும் எதிர்பாக்கேல்லை, குறூப்பிலை ஒரு வரி போட்டிருக்கிறான். ‘வாற ஞாயிறு வாறன்.’ அவ்வளவுதான். வினோஜா அழுதுபோட்டாள். நான் உடனை இந்தப் புத்தகத்தை வெளியிலை எடுத்தன். தமையனைக் கடலிலை குடுத்திட்டு வாறவனுக்கு நான் முதலாவது வரியிலேயே வள்ளத்தைக் கவிக்கிறதோ? செத்தவையைத் தண்ணிக்குள்ளாலை நடத்திக் கொண்டுவாறதோ? அவையைக் கோடாலியாலை கொத்தச் சொல்லுறதோ?

— ம்.

— நீ சொல்லு. அவனை உனக்குத்தானே தெரியும்.

— அக்கா, அந்தச் செத்தவை ஏன் கரைக்கு வருகினம்?

— ஆ?

— கதையிலை. தண்ணியாலை எழும்பி ஏன் நடந்து வருகினம்? என்ன வேணுமாம்?

— அதுக்குப் புத்தகத்திலை பதில் இல்லை. ‘கண்டவுடன் தாக்குவர்’ எண்டு மட்டும் கிடக்கு.

— ஒருத்தரும் அவையிட்டைக் கேக்கிறேல்லையோ?

— வெளிநாட்டிலை கேக்கமாட்டினமாக்கும். இஞ்சை கட்டாயம் கேப்பினம். ‘தம்பி, ஆரின்ரை பிள்ளை நீ?’ எண்டு கோகுலன் துவங்குவான்.

— அப்ப பதில் வேணுமே.

— வேணும். அதை யோசிக்கத்தான் எனக்குப் பயமாக் கிடக்கு.

— எனக்கு ஒருக்கால் விளையாடிக் காட்டுங்கோ.

— இப்பவோ?

— இப்பத்தான். எனக்கு என்னெண்டு தெரியாமல் நான் எப்பிடி உங்களுக்கு ஞாயம் சொல்லுறது?

— அதுவும் சரி. உனக்கு ஒரு ஆள் வேணும். ஆராயிருக்கப் போறாய்? மந்திரக்காரி? வில்லுக்காரி?

— நானாவே இருக்கலாமோ? துணிக்கடையிலை வேலை செய்யிற சுபாஜினி.

— இருக்கலாம். மணலிலையோ...

— கடலோடை.

— சுபா...

— கடலோடை, அக்கா.

— சரி. கருக்கல் நேரம். காத்து விழுந்துபோச்சு. கரையிலை நீ தனிய நிக்கிறாய். வெளிச்சவீட்டிலை வெளிச்சம் இல்லை. தண்ணிக்குள்ளை ஒரு தலை தெரியுது. பிறகு தோள். ஒருத்தன் நடந்து வாறான். சேட்டு உடம்போடை ஒட்டிக்கிடக்கு. முகம் தெரியேல்லை. நீ என்ன செய்யிறாய்?

— ஓடலாமோ?

— விருப்பமெண்டால் ஓடலாம்.

— ஓடேல்லை. பக்கத்திலை துவாய் ஏதும் கிடக்கோ?

— என்னது?

— துவாய், அக்கா. நனைஞ்செல்லோ வாறார்.

— உதிலை கல்லும் தடியும்தான் எழுதிக்கிடக்கு... சரி, சரி. கவிட்டுப் போட்ட வள்ளம் ஒண்டு. அதுக்கு மேலை ஆரோ காயப்போட்ட சாரம் கிடக்கு.

— அதை எடுத்து நீட்டுறன்.

— டைஸை உருட்டு. வாங்குறானோ, அடிக்கிறானோ எண்டு பாப்பம்.

— இந்தாங்கோ... பதினேழு. நல்லதோ?

— நல்லது. கை நீட்டி வாங்கிறான். தலையைத் துடைக்கிறான். அடிக்கேல்லை.

— என்ன சொல்லுறார்?

— நீ கேக்கவேணும்.

— என்ன வேணும் உங்களுக்கு? குளிருதோ?

— ‘வெளிச்சம் தெரியேல்லை. கரை எந்தப்பக்கம் எண்டு பிடிபடாமப் போச்சு’ எண்டு சொல்லுறான். பிறகு உன்னைப் பாத்துக் கேக்கிறான், ‘மற்றவை எல்லாரும் வீட்டை வந்திட்டினமோ?’... சுபா? நிப்பாட்டுவமோ?

— இது புத்தகத்திலை கிடந்ததோ?

— இல்லை. வாயிலை வந்தது. பிழையாய்ச் சொல்லிப்போட்டனோ?

— இல்லை. வந்திட்டினம் எண்டு சொல்லுறன். எல்லாரும் வந்திட்டினம், சாப்பிட்டிட்டுப் படுத்திட்டினம், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கவேண்டாம் எண்டு சொல்லுறன். அதுக்கும் உருட்டவேணுமோ?

— வேண்டாம். அதுக்கு டைஸ் தேவையில்லை. இந்தா, லேஞ்சி.

— நான் அழேல்லை.

— எண்டாலும் வைச்சிரு.

— அக்கா, இது... இது நல்லாக் கிடக்கு. எமில் ஏன் வந்தவன் எண்டு இப்ப கொஞ்சம் விளங்குது.

— உனக்கே இப்பிடியெண்டால் அவனுக்கு எப்பிடியிருக்கும்? இல்லை, சுபா. நான் முடிவெடுத்திட்டன். கடல் வேண்டாம். விளக்கு எரிஞ்சாலென்ன, அணைஞ்சாலென்ன, மணலே இருக்கட்டும்.

— எமிலுக்குக் கடலாலை ஒண்டும் இல்லை, அக்கா.

— எப்பிடிச் சொல்லுறாய்?

— அவன் தொழிலுக்குப் போறான்.

— ஆர்? எமிலோ? கடலுக்கோ?

— பூசை முடிஞ்ச கையோடை திரும்பப் போகத் துவங்கினவன். அப்பாவோடை. அதே வள்ளம், அதே எஞ்சின். முதல் நாள் அம்மா கையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. அவன் கழட்டிக்கொண்டு போனவன். இண்டைக்கும் விடியத்தான் வந்தவன்.

— எனக்குத் தெரியாது. நான் நினைச்சன், கடற்கரைப் பக்கமே போகமாட்டான், அறைக்குள்ளை பூட்டிக்கொண்டு இருப்பான் எண்டு... அப்ப ஏன் இஞ்சை வராமல் விட்டவன்? கடலுக்கே போறவன், கோப்பாய்க்கு வரேலாதோ?

— உங்களிட்டை அவன் ஒண்டும் சொல்லேல்லைத்தானே.

— என்னத்தை?

— அண்டைக்குக் கடலுக்குப் போகவேண்டியது எமில்.

— ...என்ன சொல்லுறாய்?

— நீங்கள் எப்பவும் ஞாயிறுதானே வைக்கிறனீங்கள். ஞாயிறு எங்கடை ஆக்கள் தொழிலுக்குப் போறேல்லை, அதாலை ஒரு கரைச்சலும் இல்லை. அந்தக் கிழமை மட்டும் தீபாவளிக்கு அடுத்த நாள் வைச்சனீங்கள்.

— ஓம். ஞாயிறு கோகுலன்ரை தமக்கைக்குக் கலியாணம். எல்லாருக்கும் லீவாக் கிடந்தது எண்டு நான்தான் மாத்தினனான்.

— அண்டைக்கு எமிலின்ரை முறை. இருள முன்னம் வந்திடுவன் எண்டுதான் வீட்டிலையிருந்து வெளிக்கிட்டவன். பிறகு இஞ்சையிருந்து அண்ணைக்கு ஃபோன் எடுத்திருக்கிறான். ராட்சதன் இன்னும் சாகேல்லை, இப்ப எழும்பி வந்தால் மற்றவை எல்லாரும் செத்துப்போவினம் எண்டு.

— அது நான் சொன்னது, சுபா. நான்தான் அவனுக்குச் சொன்னனான். ‘நீ எழும்பினால் எல்லாரும் சாவினம்’ எண்டு.

— தெரியும். அண்ணை சிரிச்சவராம். ‘நீ ஆறுதலா அவனை முடிச்சுப்போட்டு வா, நான் போறன்’ எண்டவராம். அம்மா கேட்டவ, இண்டைக்குச் சின்னவன்ரை முறையெல்லோ எண்டு. ‘நாங்கள் மாத்திப்போட்டம்’ எண்டிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனவர். வேறை ஒண்டும் சொல்லேல்லை. எமிலைக் காட்டிக்குடுக்கேல்லை.

— பிறகு காத்து எழும்பினது...

— பிறகு காத்து. வள்ளம் திரும்பினது, அண்ணை திரும்பேல்லை.

— இவ்வளவு நாளும் உங்கள் ஒருத்தருக்கும் தெரியாதோ?

— தெரியாது. அண்ணை தானா விரும்பிப் போனவர் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தம். போன கிழமைதான் எமில் வாயைத் திறந்தவன். அம்மா குசினிக்குள்ளை மீன் வெட்டிக்கொண்டு இருந்தவ. பக்கத்திலை போய்க் குந்தியிருந்து எல்லாத்தையும் சொன்னவன். ராட்சதனையும் சொன்னவன்.

— அம்மா என்ன செய்தவ?

— மீனை வெட்டி முடிச்சவ. கை கழுவினவ. பிறகு அவனுக்குச் சோறு போட்டவ. அவன் சாப்பிட்டு முடியுமட்டும் பக்கத்திலேயே இருந்தவ.

— நான் இஞ்சை குந்தியிருந்து கடலை மணலாக்குறதோ, ஒட்டகம் ஓடுமோ எண்டு... அவனுக்கு இந்த மேசையெல்லோ அவ்வளவும். இந்தக் கதிரை, இந்த டைஸ், நான். ஞாயிறு வேண்டாம், சுபா. அவனை வரவேண்டாம் எண்டு சொல்லு. நான் இதெல்லாத்தையும் கட்டி அலுமாரிக்கு மேலை போடுறன். இனி ஒருநாளும் எடுக்கமாட்டன்.

— அவசரப்படாதையுங்கோ.

— அம்மாவைப் பாக்க நான் வரலாமோ? என்ன முகத்தோடை வாறது?

— அக்கா, நீங்கள் கூப்பிட்டபடியால் மட்டும் நான் வரேல்லை. கூப்பிடாட்டியும் இண்டைக்கு வந்திருப்பன். அம்மாதான் அனுப்பினவ. ஒரு சங்கதி சொல்லிவிட்டவ. வந்தவுடனை சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான், நீங்கள் கப்பலோடை துவங்கினீங்கள், எனக்கும் கேக்க ஆசையாப் போச்சு.

— சொல்லு. ஏசச் சொல்லித்தானே விட்டவ? ஏசட்டும். என்ன சொன்னாலும் நான் கேக்கிறன்.

— ஏசுறதுக்கில்லை, அக்கா. ஞாயிறு நீங்கள் எல்லாரும் எங்கடை வீட்டிலை வந்து விளையாடட்டாம். தன்ரை ஒரு பிள்ளையையாவது அண்டைக்குக் கரையிலை மறிச்சு வைச்சிருந்த விளையாட்டைத் தான் ஒருக்கால் பாக்கவேணுமாம்.